வாய் சக்கரத்தில், அடி பலகையில்

கறிச்சட்டி வாங்கப் போனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் அதை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நன்றாக வெந்த சட்டி. சத்தம் அடைத்துக் கேட்டால் கீறலோ வேக்காட்டுக் குறையோ இருக்கிறது. குயவரின் கைக்கு அவர்களை விடக் கண்டிப்பான தேர்வாளர் இல்லை.

மன்னார்த் தீவில் எங்கள் கீரி மணற்கரை, வனையும் களிமண் பெருநிலத்தில்தான். ஆனாலும் விதவிதமான பாண்டங்களைக் கண்டது மன்னார்க் கரை. மன்னாரின் பழைய துறையான மாந்தையில் 1980களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்வில் உள்ளூர் மட்கலங்களோடு சீனாவின், மேற்காசியாவின் மெருகிட்ட கலங்களும் கிடைத்தன. அவை கப்பலில் வந்திறங்கிய துறையிலும் உலை வைக்க ஊர்ப்பானைதான்.

அந்தப் பானையை வனையும் முறை ஈழத்திலும் தமிழகத்திலும் பெரும்பாலும் ஒன்றே. பாரமான சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, நடுவில் வைத்த மண் குவியலின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக வனைந்து நூலால் அறுத்தெடுப்பார்கள். சுழற்சி தளருமுன் கழுத்தும் விளிம்பும் முடிந்தாக வேண்டும். மின்சக்கரத்தில் பழகுகிறவருக்கு இந்த அவசரம் தெரியாது. அறுத்தெடுத்ததற்குச் சுவர் தடித்திருக்கும், அடி இருக்காது. அதை நிழலில் வாட்டி, உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியைக் கூட்டுவார்கள். ஈரம் கூடினால் மண் பலகையில் ஒட்டும், குறைந்தால் வெடிக்கும். தட்டத் தட்டச் சுவர் மெலியும், மண் இறுகும். மூலையில்லாத அந்த அடியில் அடுப்புச் சூடு சீராகப் பரவும்.

தட்டு வேலையின் உச்சம், தமிழகத்து மானாமதுரையில் செய்யும் தாள வாத்தியமான கடம். சுவரின் கனம் பிசகினால் நாதமும் பிசகும். அக்கலைக்காக மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். மானாமதுரை மட்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது.

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடம் வேறொரு பள்ளி. 1200 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, மெருகிட்டு, நீர் ஊறாத கலம் செய்வார்கள். இந்தியாவின் இன்றைய மட்கலைஞர் பலர் அங்கே பயின்றவர்கள். அந்த ஒழுங்கை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதன் அளவுகோலை ஊர்ப்பானைமேல் வைத்து, நீர் கசிவதைக் குறை என்பதை ஒப்பமாட்டேன். குறைந்த சூட்டில் வெந்த சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் மன்னார் வெயிலிலும் பானைத் தண்ணீர் குளிர்கிறது.

இப்போதைய பயிற்சிகள் பல, சக்கரத்தில் ஒரு கிண்ணம் எழும்பியதோடு முடிந்துவிடுகின்றன. மீதிப் பாதி வேலை அங்கேதானே தொடங்குகிறது! மன்னாரில் வகுப்புத் தொடங்குகிறவர்கள் சக்கரத்தோடு கல்லையும் பலகையையும் வாங்கி வைக்கட்டும். மாணவர் தானே அடி மூடிச் சுட்ட பானையை அடுப்பேற்றி, அதில் சோறு வெந்த பிறகு தேர்ச்சி சொல்லட்டும்.