மைக்கண்ணிக்கு என்ன நம்பிக்கை குறைச்சல்?

பாமாவின் ‘கருக்கு’ (1992) பற்றி நம்ம ஆட்கள் பேசுகிற கூட்டங்களில் ஒரு விஷயம் தவறாமல் வரும். அண்ணன் தங்கச்சிக்குச் சொல்கிற புத்தி. நல்லாப் படி, படிப்பில் முந்திட்டா ஒதுங்கிப் போறவங்களும் தானா வந்து ஒட்டிக்குவாங்க என்கிற பேச்சு. கைதட்டு விழும். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை முகாம் போடுகிற தொண்டு நிறுவனங்களும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கின்றன. சேரியில் இரவுப் பாடம் நடத்திய காலத்தில் நானும் இதைத்தான் ஒப்பித்தேன். இப்போது திரும்பப் படிக்கும்போது உறுத்துகிறது.

அதே புத்தகத்தில் ஒரு தேங்காய் வருகிறது. பள்ளிக்கூடத்துத் தென்னையில் ஏறி விளையாடும்போது விழுந்த காய். மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வைத்துத் தலைமையாசிரியர் களவாணிப் பட்டம் கட்டுகிறார். உள்ளே வராதே என்கிறார். சாமியாரிடம் போய்க் கடிதம் வாங்கிவர வேண்டியிருக்கிறது. சாமியாரும் சேரிப் பிள்ளைதானே, செஞ்சிருப்பே என்கிற மாதிரிதான் பேசுகிறார். நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு நடந்தது இது. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது அவளிடம் நம்பிக்கை இருந்தது. பிடுங்கியது பள்ளிக்கூடம். பிடுங்கியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளை உட்கார வைத்து, ‘நிமிர்ந்து உட்காரு, கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று பாடம் எடுக்கிறோமே, இது என்ன நியாயம்?

‘கருக்கு’ படித்து வந்தவளின் கதை. அதை மட்டும் மேடையில் ஏற்றினோம். இரண்டு வருஷம் கழித்து வந்த ‘சங்கதி’ (1994) அதற்குப் பதில் மாதிரி இருக்கிறது. படிக்க முடியாமல் போனவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். மைக்கண்ணி இருக்கிறாள். ஆத்தாளுக்குப் பிரசவ காலம் வந்தால் இந்தச் சின்னப் பிள்ளைதான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஆத்தா எழுந்து வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பிறந்ததைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பாட்டுப் படிக்கிறாள், வாயடிக்கிறாள். குடும்பத்தையே தாங்குகிறவளுக்கு எந்த முகாமில் போய் யார் தன்னம்பிக்கை கற்றுக்கொடுப்பது? அவளுக்குக் குறைச்சல் கூலிக்காசுதான், பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு கைதான்.

மரியம்மாவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறாள். முதலாளியின் கையிலிருந்து திமிறித் தப்பி வந்தவள். கடைசியில் கூட்டம் போட்டு அவளுக்கு 200 ரூபாய் அபராதம், அவளோடு சேர்த்துக் கோத்துவிடப்பட்ட பையனுக்கு 100. வயசுக்கு வந்த பிள்ளையைப் பெற்றவர்கள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஆய்வு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். அறியாமை என்று எழுதுகிறார்கள். அறியாமை இல்லை சாமி, அனுபவம்.

சட்டமும் மைக்கண்ணியை அரைகுறையாகத்தான் பார்க்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தமும், ஆபத்தான வேலை என்று பட்டியலில் இருப்பதைத் தவிர மற்ற வேலைகளுக்கு 14 தாண்டியவளை விட்டுவிடுகிறது. சரியாகப் பெண்பிள்ளை நிற்கிற வயசு அது. அந்த வயசுக்காகவே காத்திருந்த மாதிரி மேற்கு மாவட்டத்து நூல் மில்கள் ‘சுமங்கலித் திட்டம்’ கொண்டுவந்தன. மூணு வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்றார்கள். அரசாங்கத்தை எடுத்துக்கொண்டால், 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திட்டம் எட்டாம் வகுப்பு வரை படித்தவளுக்கு 5,000 ரூபாய் தந்தது. பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வைத்தது, உண்மை. ஆனால் படிப்புக்கு விலையைக் கல்யாணப் பந்தலில்தான் கட்டினார்கள். 2022-இல் அது ‘புதுமைப் பெண்’ ஆகி, கல்லூரி போகிறவளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது. வரவேற்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனவள் அந்த ஆயிரத்தை எட்டிப் பிடிப்பது எப்படி?

பாமாவிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘சங்கதி’யில் கதை சொல்லுகிறவள் படித்தவள். பாட்டி பேசும்போது எழுத்து துள்ளுகிறது. கதை முடிகிற இடத்தில் படித்தவள் வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் சோர்ந்துபோகிறது. மைக்கண்ணியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ என்னடி நினைக்கிறே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தக் குறை அவருடையது மட்டுமா? இரவுப் பாடத்தில் நானும் விளக்கம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரையும் கேட்டதில்லை.

மைக்கண்ணி கதையை அங்கே ஒருநாள் வாசித்தோம். தம்பியை மடியில் வைத்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: “அது சரிண்ணே, இவ பள்ளிக்கூடம் போனா அந்தப் பிள்ளைய யாரு வச்சுக்கிறது?” எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சாவடி விட்டத்தில் தூளி கட்டினோம். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரெண்டு கிழவிகள் முறை வைத்துக்கொண்டார்கள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டாள். பதினொன்றுக்கு டவுனுக்குப் போகணும், காலையில் ஒரே பஸ். அது நிற்கிற இடம் ஊர்த்தெருவில் இருக்கிறது.