மூசையில் இட்ட பொன்

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இயற்றி, 1953ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அரங்கேறிய நாடகம் 'தி குரூசிபிள்'. பொன்னை உருக்கும் மூசையையே அப்பெயர் குறிக்கும். பொதுவுடைமையரைத் தேடிப் பிடிக்கும் வெறி அந்நாட்டில் மிகுந்திருந்த காலம் அது. ஆகவே செனட்டர் மெக்கார்த்தியைச் சாடவே நாடகம் எழுந்தது என்பர் பலர். அஃது உண்மையே. ஆயினும் அவ்வளவில் நின்றுவிடின் நாடகத்தின் பாதியையே கண்டவராவோம். 'இஃது இறைவன் தேர்ந்த நாடு. எம் நெறியாரே இதற்கு உரியர்' என்னும் எண்ணம் மேலோங்குமிடத்துக் குடியாட்சி என்னாகும் என்பது அதன் மறுபாதி. இன்று கிறித்துவத் தேசியம் என வழங்கும் கொள்கையை ஆராய்வார்க்கு இந்நாடகம் நல்லதோர் உரைகல்.

கதை நிகழுமிடம் மாசசூசெட்சைச் சேர்ந்த சேலம்; ஆண்டு 1692. சூனியம் செய்தனர் என்று 19 பேர் அங்குத் தூக்கிலிடப்பட்டனர். ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் கற்களின் பாரத்தால் நசுக்கிக் கொல்லப்பட்டார். அம்மண்ணில் குடியேறிய பியூரிட்டானியர், தம் சமய நெறிக்கு இங்கிலாந்தில் இடமின்மையால் கடல் கடந்தவர்கள். ஆனால் அவர்களே 1631இல், திருச்சபை உறுப்பினர்க்கே வாக்குரிமை என விதித்தனர். சமயக் குற்றங்களைத் தண்டிக்க அரசுக்கு உரிமை இல்லை என்ற சமயகுரு ரோஜர் வில்லியம்சை 1635இல் நாடுகடத்தத் தீர்ப்பளித்தனர். 1691ஆம் ஆண்டுச் சாசனம் வாக்குரிமை விதியை மாற்றியது, மனப்பாங்கை மாற்றவில்லை.

அம்மனப்பாங்கை மில்லர் காட்டும் இடங்களுள் தலையாயது விண்ணப்பக் காட்சி. குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் நல்லவர்கள் என்று 91 குடியானவர் கையொப்பமிட்ட தாளை ஜான் பிராக்டர் நீதிமன்றத்தில் அளிக்கிறார். அவர்கள் யாவரும் திருச்சபையைச் சேர்ந்தவர்களே. துணை ஆளுநர் டான்போர்த்தோ அவர்கள் அனைவரையும் விசாரணைக்குப் பிடித்துவர ஆணையிடுகிறார். தீங்கு நேராது என்று அவர்களுக்கு வாக்களித்த கிழவர் பிரான்சிஸ் நர்ஸ் துடிக்கிறார். குடிகள் அரசுக்கு எழுதிய முறையீடு ஒரு நொடியில் குற்றவாளிப் பட்டியலாகிவிடுகிறது! மன்றம் இறைவனுடையது என்றால், மன்றத்தை ஐயுறுவோன் இறைவனின் பகைவன். மாற்றுக் கருத்துக்கு அங்கு இடமேது?

பாண்டியன் சிலம்பின் பரலைக் கண்டதும் தன் பிழையுணர்ந்து உயிர்துறந்தான். டான்போர்த்தோ, பன்னிருவர் முன்பே தூக்கிலிடப்பட்டுவிட்டனர் என்பதையே எஞ்சியோரையும் தூக்கிலிடக் காரணமாகக் காட்டுகிறார். பாண்டியனுக்கு அறம் அரசினும் மேலானது. டான்போர்த்துக்கோ அரசே அறம். ஆகவே அது பிழைபடுதல் இயலாது.

நாடகத்தில் ஒரு குறையும் உண்டு. வரலாற்றில் பதினோரு வயதளவினளான அபிகெயிலைப் பதினேழு வயது நங்கையாக்கி, அவளுடைய நிறைவேறாக் காமத்தை மில்லர் கதையின் விசையாக வைத்தார். மேடைக்கு அது விறுவிறுப்பு. ஆயினும் ஒருத்தியின் வஞ்சத்தால் ஊர் அழிந்தது என்று காண்போர் கருத அது வழிசெய்கிறது. அவள் சொல்லைச் சட்டமாக்கிய அமைப்பன்றோ உண்மைக் கொலைஞன்?

அவ்வமைப்பிற்கு மருந்து பின்னர்ப் பிறந்தது. 1791ஆம் ஆண்டின் முதல் அரசியற் சட்டத் திருத்தம், அரசு ஒரு சமயத்தை நிறுவுதலைத் தடுத்தது. அதே வாக்கியத்தில், அரசிடம் முறையிடும் உரிமையையும் குடிகட்கு உறுதி செய்தது. முன்னது இன்றேல் பின்னது நில்லாது என்பதற்குச் சேலமே சான்று.

பிற்காலத்தில் அவ்வரண் நெகிழ்ந்தது. 1954இல் கொடி உறுதிமொழியில் இறைவன் பெயர் சேர்ந்தது. 1956இல் இறை நம்பிக்கையைக் கூறும் தொடர் நாட்டின் குறிக்கோளுரையாயிற்று. சொல்லளவில் இவை சிறியன. ஆனால் 2021 சனவரி 6ஆம் நாள் தேர்தல் முடிவை ஏற்காது சட்டமன்றக் கட்டடத்தை முற்றுகையிட்ட கூட்டத்தில் சிலுவைகளும் இயேசுவின் பெயர் தாங்கிய பதாகைகளும் காணப்பட்டன. உட்புகுந்தோர் செனட் அவையில் இயேசுவின் பெயரால் வேண்டுதலும் செய்தனர். தம் கட்சி இறைவனின் கட்சி என்று நம்புவோர்க்குத் தேர்தல் தோல்வி இறைவனின் தோல்வியாகத் தோன்றும். அதனை எங்ஙனம் ஏற்பர்?

இது கிறித்துவத்தின் குற்றமன்று. தூக்குமேடை ஏறிய ரெபெக்கா நர்ஸ் ஆழ்ந்த கிறித்துவர். பொய்யை ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்றபோதும், இறைவனுக்கு அஞ்சியே அவர் மறுத்தார். 1697இல் திருச்சபையார் முன் எழுந்து நின்று தன் பழியை ஏற்ற நடுவர் சாமுவேல் சூவலும் கிறித்துவரே. மூசையில் பொன்னாக நின்றது அவர்களது சமயம். கசடாகக் கழிந்தது அதனை ஆட்சிக் கருவியாக்கிய ஆணவம். நாடகத்தை வகுப்பில் பயிற்றுவோர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.