தற்சார்பு என்று எழுதினோம், வாடகைக்குப் போனோம்

ஃபுரோக் வி.எல்.இ. ஞாபகம் இருக்கிறதா ஆசிரியர்களே? 2019இல் 1பெஸ்தாரிநெட் திட்டம் நிறுத்தப்பட்டபோது, அதில் நீங்கள் ஏற்றி வைத்திருந்த இலக்கணப் பயிற்சிகளும் புதிர்களும் என்ன ஆயின என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இது கொள்கைக் கோளாறு.

2004இல் மாம்பு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதில் மூன்று கட்டங்கள். 2011இல் தொடங்கும் மூன்றாவதற்குப் பெயரே 'தற்சார்பு'. வெறும் காகிதத் திட்டம் என்று சொல்ல மாட்டேன். அங்கே உருவான மைமீட்டிங்கைப் பாருங்கள். கூட்டத்தில் என்ன முடிவு, யார் பொறுப்பு, வேலை முடிந்ததா என்று பதிந்து வைக்கும் மென்பொருள், அவ்வளவுதான். ஆனால், கூட்டம் போட்டே முடிவை மறக்கும் அலுவலகங்களுக்கு (நம் பாடக்குழுவையும் சேர்த்துத்தான்) அதுதானே தேவை? ஓர் இலாகா எழுதியதை இன்னோர் இலாகா உரிமக் கட்டணம் இல்லாமல் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

அதே 2011இல்தான் பள்ளிகளுக்கான 1பெஸ்தாரிநெட் ஒப்பந்தமும் வந்தது. ஏறக்குறைய 10,000 பள்ளிகள்; 15 ஆண்டுகளுக்கு 4 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். கற்றல் தளமோ பிரிட்டன் நிறுவனத்தின் ஃபுரோக். பயன்பாடு மிகக் குறைவு என்று தேசியக் கணக்காய்வாளரின் அறிக்கையே சொன்னது. ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று அப்போது பேசியவர்களும் உண்டு. நமக்கேற்பத் திருத்தவே முடியாத தளத்தில் ஒருவர் எவ்வளவு நாள்தான் ஒட்டிக்கொண்டிருப்பார்? 2020இல் டெலிமா வந்தது: கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள். வசதிதான், மறுக்கவில்லை. வீட்டுக்காரர் மாறினார், நாம் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறோம்.

வேறு வழியே இல்லையா? மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஸ்பெக்ட்ரம் தளம் மூடுல் என்ற திறந்த மூல மென்பொருளில் கட்டப்பட்டது. மூடுலில் ஒரு பாடத்தை முழுசாகக் கோப்பாக எடுத்து வேறு வழங்கியில் ஏற்றலாம். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொண்டுபோனது. பயிற்றுநர்களாக இருந்தவர்களும் பள்ளி ஆசிரியர்களே. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. திறந்த மூலம் என்றால் இலவசம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் பாதியில் நிற்பார்கள். வழங்கிக்குச் செலவு உண்டு, பராமரிக்க ஆள் வேண்டும். உரிமத்துக்குக் கொடுக்கும் காசை ஆளுக்குக் கொடுப்பதுதான் இதன் கணக்கு.

தெலுக் பங்லிமா காராங்கில் உட்கார்ந்துகொண்டு அமைச்சின் ஒப்பந்தத்தை நாம் மாற்ற முடியாது, சரி. ஆனால் உங்கள் வினாத்தாள்களை யுனிகோட்டில் தட்டி, லிப்ரே ஆஃபிஸில் திறக்கும் ஓ.டி.டி. கோப்பாக ஒரு பிரதி கையில் வைத்திருங்கள். மூடுலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு அனுப்பவும் யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டாம்; ஒரு கணக்குத் திறந்தால் போதும்.