ஒரே பதிப்பு, பல தளங்கள்: தமிழ் விக்கித் திட்டங்களும் ஜாவாஸ்கிரிப்ட் ஒருமையும்

ஒரு ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் தன் இயக்கத்துக்கு நம்பியிருக்கும், பிறர் எழுதிய நூலகங்கள் சார்புகள் எனப்படும். பல திட்டங்களை நடத்தும் அமைப்பில் அவை வெவ்வேறு பதிப்புகளில் இருந்தால், ஓரிடத்தில் களைந்த பிழை இன்னோரிடத்தில் நீடிக்கும் என்பதால், பதிப்புகளையும் துணைநிரல்களையும் எங்கும் ஒன்றாக வைக்கும் நடைமுறை வேரூன்றியது. அதன் இரு பக்கங்களையும் தமிழ் விக்கித் திட்டங்களில் காணலாம்.

தமிழ்99, பாமினி முதலிய விசைப்பலகை விதிகள் ஜேகுவரி.ஐஎம்இ என்ற ஒரே நூலகத்தில் பேணப்படுகின்றன. அதனால் செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் தட்டச்சு செய்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் செய்பவருக்கும், விக்கிப்பீடியாவிலும் விக்கிமூலத்திலும், அதே விதியே கிடைக்கிறது. ஒரு திருத்தம் அனைவரையும் சென்றடைகிறது.

கருவிகள் எனப்படும், பயனர்கள் எழுதும் துணைநிரல்களின் நிலை வேறு. அவை பெரும்பாலும் ஒரு விக்கியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கப்பட்டு, மூலத்தோடு தொடர்பற்றுப் போகின்றன. 2017இல் விக்கிகளை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி, ஜேகுவரி நூலகத்தின் 3ஆம் பதிப்புக்கு மாறியபோது, பழைய செயற்கூறுகளை நம்பிய நகல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டியிருந்தது. பகுப்புகளைச் சேர்க்க உதவும் ஹாட்கேட்டைப் பல விக்கிகள் விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து நேரடியாக ஏற்றிக்கொள்வது இதற்கு நல்ல மாற்றே. ஆயினும் அங்கு ஒருவர் செய்யும் தவறு, அதைப் பார்த்தே இராத சமூகங்களையும் அதே கணத்தில் தாக்கும். ஒருமை வேறுபாட்டை ஒழிக்கிறது. பிழையையோ ஓரிடத்தில் குவிக்கிறது.

நிறுவப்பட்ட பதிப்பைத் துல்லியமாகக் குறித்துவைக்கும் பூட்டுக்கோப்பு இதற்கு முழுத் தீர்வு என்று கருதுவோர் உண்டு. 2025 செப்டம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் உள்ள சாக், டிபக் முதலிய பொதிகளில் தீங்குநிரல் புகுந்தபோது, பழைய பதிப்பைப் பூட்டி, அதன்படியே நிறுவியவர்கள் தப்பினர் என்பது மெய். ஆனால் 2016 மார்ச்சில் பதினொரு வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் என்ற பொதி அக்களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டு, பேபல் போன்ற பெருங்கருவிகளின் நிறுவலே முடங்கியதை எந்தப் பூட்டும் தடுத்திராது. பதிப்பெண்ணைக் காப்பது வேறு, பொருளைக் காப்பது வேறு. நெடுங்காலம் திறக்கப்படாத பூட்டு, பாதுகாப்புத் திருத்தங்களையும் வெளியே நிறுத்திவிடும்.

ஆகவே ஒருமையை இலக்காக ஏற்கலாம். ஒரே நொடியில் ஒருமை வேண்டும் என்ற பிடிவாதத்தை ஏற்க இயலாது. மீடியாவிக்கியின் புதிய பதிப்பு வழக்கமாகச் செவ்வாயன்று சோதனைத் தளங்களுக்கும், புதனன்று விக்சனரி, விக்கிமூலம் போன்றவற்றுக்கும், வியாழனன்றே தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கும் செல்கிறது. விக்கிமூலத்துக்கும் விக்கிப்பீடியாவுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நாள் பதிப்புவேறுபாடு திட்டமிட்டே விடப்படுவது.