மஞ்சப்பையும் ‘மீண்டும்’ என்ற சொல்லும்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா இறங்கி நின்றார். கையில் மஞ்சப்பை. ஏதோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்தது. மணமக்கள் பெயர் பாதி அழிந்துபோய், முகூர்த்தத் தேதி மட்டும் நன்றாகத் தெரிந்தது. உள்ளே எனக்கு முறுக்கு, ஹாஸ்டல் ஃபீஸ், நாலாக மடித்த பட்டா நகல். என் பக்கத்தில் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர். “அப்பா, அதச் சுருட்டி என் பேக்குக்குள்ள வச்சிடுங்களேன்” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சுருட்டிக் கொடுத்தார். சாயங்காலம் ஆவூர் பஸ் ஏறும்போது வெறுங்கையோடு போனார். இது 2013இல்.

இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பருத்திப் பை தொங்குகிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியது, ஒரு கவிஞரின் முகம் அச்சிட்டது. உங்களில் பலரிடமும் இப்படியொன்று இருக்கும். விலையைச் சொன்னால் அப்பா சிரிப்பார். துணி என்னவோ அதே துணிதான்.

2021 டிசம்பர் 23 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதை ஒரு சுற்றுச்சூழல் திட்டமாகப் பார்த்து நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதை இரண்டு சொல் கொண்ட ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு வரிக் கவிதையை எடுத்துப் பத்துப் பக்கம் பேசுகிறோம். சுவர் சுவராக எழுதியிருக்கும் இந்த இரண்டு சொல்லை ஏன் அப்படிப் பேசுவதில்லை?

முதலில் இரண்டாவது சொல். மஞ்சள் நமக்கு ஒரே நேரத்தில் இரண்டு அர்த்தம் தரும் நிறம். தாலிக்கயிறும் மஞ்சள், கடன்காரன் கைவிரிக்கும்போது கொடுப்பதும் மஞ்சக் கடுதாசி. பையும் அப்படித்தான். தாம்பூலப் பையாக வீட்டுக்குள் வரும்போது மங்கலம். அதையே ஒருவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு நகரத்துக்குள் போனால் பட்டிக்காட்டான். தமிழ் சினிமா நகைச்சுவைக்கு ஒரு ஆளைக் கிராமத்தான் என்று காட்ட வசனமே தேவைப்படவில்லை, கையில் மஞ்சப்பையைக் கொடுத்தால் போதும். 2014இல் ராகவன் இயக்கத்தில் ராஜ்கிரண், விமல் நடித்த படத்துக்குப் பெயரே ‘மஞ்சப்பை’. ஊரிலிருந்து வந்த தாத்தா சென்னை அபார்ட்மெண்டில் பேரனுக்குத் தரும் சங்கடம்தான் கதை. படம் தாத்தாவின் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் அவரை நேசிப்பதற்கு முன்னால் நாம் அவரைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும் என்று அது நினைக்கிறது.

இந்த வகையில் அரசின் இயக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பிளாஸ்டிக் கெடுதல் என்று பாடம் நடத்துவதைவிட, ஒரு அவமானச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு மேடை போட்டது புத்திசாலித்தனம். ஆனால் அவமானம் யாருக்குத் தீர்ந்தது என்பதுதான் என் கேள்வி. 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில் ஒரு இயந்திரம் வைத்தார்கள். பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை வரும். கல்யாண வீட்டில் சும்மா கிடைத்த பை இப்போது இயந்திரத்திலிருந்து வருகிறது என்றபோது அப்பா, “பையி வரும்ப்பா, உள்ள வைக்க அதுல என்ன வரும்?” என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கு அது இந்த இயக்கத்தைப் பற்றிய சரியான விமர்சனமாகப் பட்டது.

பைக்குள் என்ன போகிறது என்று பார்க்க எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். விராலிமலை வட்டம், ஆவூர். வெளியூர்க்காரர்களுக்கு மாதா கோவிலும் ஜல்லிக்கட்டும்தான் தெரியும். வீரமாமுனிவர் இங்கே பணியாற்றினார் என்பது எங்கள் பெருமை. கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஷாம்பு சரம், ஊறுகாய் சரம், காபித்தூள் சரம், சோப்புத்தூள் சரம். மாலை போல வரிசையாகத் தொங்கும். நீங்கள் மஞ்சப்பை கொண்டு போனாலும் அதற்குள் விழப்போவது இந்தச் சரத்திலிருந்து கிழித்த இரண்டு பாக்கெட்தான். கண்மாய்க் கரையில், கருவேல முள்ளில், ஆட்டின் வாயில் நான் பார்ப்பது கேரி பேக்கைவிட இதைத்தான்.

இந்தச் சரம் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த சதி என்று நினைக்க வசதியாக இருக்கும். பெரிய பங்கு நம் ஊருடையது. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களில் பொருள்களைச் சின்னஞ்சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் யோசனையில் இறங்கினார். பணக்காரர் வாங்குவது கூலிக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணமாகச் சொல்லப்படுகிறது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம்தான் சிக் ஷாம்பு சரத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனது, இன்றைய கவின்கேர். மேலாண்மைப் படிப்பில் இதை ‘கண்டுபிடிப்பு’ என்றே சொல்லித்தருவார்கள். பொய்யில்லை. அன்றன்றைக்குக் கூலி வாங்கும் வீட்டில் யார் பாட்டில் வாங்க முடியும்? வாரம் ஒருநாள் வாசனையாகத் தலை குளிக்க என் அத்தைகளுக்கும் ஆசை இருக்கும்தானே. கண்டுபிடிப்பு என்றால் தன்னால் நல்லது என்று நம்பும் பச்சைப் பேச்சாளர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம். ஏழையை மனதில் வைத்துச் செய்த கண்டுபிடிப்பு, அதன் குப்பையை ஏழையின் வாசலிலேயே விட்டுப் போனது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை. ஆலையிலேயே அடைத்து மூடி வரும் உறைகளுக்கு அந்த ஆணையில் முதலில் விலக்கு இருந்தது. 2020இல் அதை நீக்கினார்கள், ஆனாலும் சரம் இன்றைக்கும் தொங்குகிறது. அபராதம் கட்டுவது பூக்காரம்மாவும் இட்லிக் கடை அக்காவும். பை என்பது வாங்குகிறவர் கையில் இருப்பது. உறை என்பது விற்கிறவர் முடிவு செய்வது. ‘மஞ்சப்பை’ என்று சொன்னவுடனேயே பொறுப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது பாருங்கள்.

இனி முதல் சொல், ‘மீண்டும்’. எனக்கு உண்மையில் இடறுவது இதுதான்.

அப்பாயி காலத்துக் கடையில் குப்பையே கிடையாது. கழுத்தில் சணல் கட்டிய பாட்டிலைக் கொண்டுபோய் “அம்பது காசுக்கு எண்ணெய்” என்றால் அளந்து ஊற்றுவார்கள். பருப்பு பேப்பர் பொட்டலத்தில், கறி இலையில். தலைக்கு அரப்பு. கேட்கக் கேட்க ஏக்கமாக இருக்கும், முகநூலில் எழுதினால் லைக் குவியும். நானும் எழுதியிருக்கிறேன். அதே காலத்து டீக்கடைக்கு வருவோம். அங்கேயும் குப்பை கிடையாது. கண்ணாடி கிளாஸ், கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் வரும். ஆனால் கிளாஸ் எல்லாருக்கும் ஒன்று இல்லை. ஒரு வரிசை பெஞ்சுக்கு. இன்னொரு வரிசை வெளியே தனியாக, குடித்தவரே கழுவி வைக்க வேண்டியது. இரட்டைக் குவளை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது.

பழைய கதை என்று தள்ள முடியாது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்து, கலெக்டர் நேரில் போனபோது, பக்கத்து இறையூர் டீக்கடை ஒன்றில் இரட்டைக் குவளை நடைமுறையில் இருந்ததும் வெளியே வந்தது. வழக்குப் பதிவானது. ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கிச் சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பேப்பர் கப் ஊருக்குள் வந்தபோது சிலருக்கு அது குப்பையாகத் தெரியவில்லை. குடித்துவிட்டுக் கசக்கிப் போடலாம், யாருடைய கிளாஸ் எது என்ற பேச்சு இல்லை. அதே பேப்பர் கப்பை ஒரு தரப்புக்கு மட்டும் கொடுத்து, பழைய வழக்கத்தைப் புது அட்டையில் தொடர்ந்த கடைகளும் உண்டு. இரண்டும் நடந்தது. தூக்கி எறியும் பொருளுக்குள் இப்படியொரு சமூக வரலாறு இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு ‘மீண்டும்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எந்த வருஷத்துக்கு மீண்டும்? யாருடைய கிளாஸுக்கு மீண்டும்?

பேப்பர் கப்பும் பச்சை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிவந்த சீடர்களைப் பற்றி எழுதியவர் நடமாடிய ஊரில் உட்கார்ந்து அந்தக் கப்பில் டீ குடிக்கும்போது சிரிப்பு வரும். பேப்பருக்கு மரம் வேண்டும். அந்த மரமும் எங்கள் மாவட்டத்தில்தான். 1974இல் தொடங்கிய வனத்தோட்டக் கழகம் வளர்க்கும் தைல மரக்காடு காகித ஆலைக்குப் போகிறது. தூரத்தில் பார்த்தால் நல்ல பச்சை. தண்ணீரைக் குடிக்கிறது, கண்மாய்க்கு வரவேண்டிய மழைநீரைக் காட்டுக்குள் போட்ட வரப்புகள் மறிக்கின்றன என்று விவசாயிகள் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போனார்கள். பச்சை என்பது நிறம் மட்டும்தான் என்பதற்கு இதைவிட நல்ல உவமையை எந்தக் கவிஞரும் எழுதித் தரவேண்டியதில்லை.

ஆவூரில் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நாடகம் நடக்கும். எல்லா மதத்துக்காரர்களும் பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை அந்தக் கூட்டத்துக்காக எங்கள் பக்கத்துப் பையன்கள் மோர்ப் பந்தல் போட்டார்கள். கப் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் வைப்போம் என்று நான்தான் ஆரம்பித்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். வாடகைப் பாத்திரக் கடையில் இருநூறு டம்ளர் எடுத்தோம். அப்புறம் ஒருத்தன் கேட்டான், “ண்ணே, கழுவறது யாரு?” ஆள் வைக்கலாம் என்று ஒரு குரல். “எந்தத் தெரு ஆளு?” என்று இன்னொரு குரல். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் குடிப்பவரே கழுவி வைக்கட்டும், யாராக இருந்தாலும் ஒரே தொட்டி, ஒரே அடுக்கு என்று முடிவானது. நன்றாகத்தான் போனது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குனிந்து டம்ளர் கழுவியதைப் பையன்கள் செல்ஃபோனில் படம் பிடித்தார்கள்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கழுவத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. டேங்கர்காரர் ஃபோனை எடுக்கவில்லை. நாடகத்தில் சிலுவைப் பாதை ஆரம்பித்திருந்தது, குழந்தைகள் தாகத்தில் அழுதன. நானே பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேப்பர் கப் பத்து கட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர் மாமா கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார்.