டாம் ஏன் வழுக்குகிறது?

டிவி வந்து மூன்றாம் நாளே என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து டாம் அண்ட் ஜெர்ரி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, டாம் ஓடல. வழுக்கிட்டுப் போகுது" என்றாள். எட்டு வயது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பாசி பிடித்த படித்துறையில் கால் வைத்தவன்போல, எங்கேயும் ஊன்றாமல் அந்தப் பூனை திரையின் குறுக்கே நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

ஆறு வாரமாக இந்த டிவியோடு வாழ்கிறோம். 43 அங்குலம், 4கே, 60 ஹெர்ட்ஸ் திரை, வழக்கமான ஆப்கள், வழக்கமான ரிமோட். இந்த விலைக்கு எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய இதையேதான் தருகின்றன. கறுப்பு நன்றாகக் கறுக்கிறது, நிறங்கள் அருமை. எங்கள் வீட்டில் இதே நிறுவனத்தின் பழைய டிவி ஒன்று பதினோரு வருஷம் உழைத்தது. அந்த நம்பிக்கையில்தான் வேறு கடை ஏறாமல் இதை வாங்கினேன். வாங்கியதும் ஒரே காரணத்துக்காக. தினமும் இரவு இரண்டு பழைய கார்ட்டூன், வாரக் கடைசியில் ஒரு பழைய தொடர். அந்த ஒரு வேலையில்தான் இது தடுக்கி விழுகிறது.

நோயின் பெயர் மோஷன் ஸ்மூத்திங். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது. எல்ஜி ட்ரூமோஷன் என்கிறது, சோனி மோஷன்ஃப்ளோ என்கிறது, சாம்சங் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று சொல்லிவந்தது. பெயர்கள் பல, வேலை ஒன்று. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்களில் ஓடுவது. டிவி திரையோ நொடிக்கு 60 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. 24ஐ 60இல் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு ஃப்ரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டித்தான் கணக்கை நேர்செய்ய வேண்டும். அதனால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் லேசாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை மறைக்க டிவிக்குள் இருக்கும் சிப், இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, இல்லாத படங்களை உண்டாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களில் சிலருக்கு இது பிடித்திருக்கிறது. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

கையால் வரைந்த கார்ட்டூனில் இதே வேலை அக்கிரமமாகிவிடுகிறது. ஏழு நிமிடக் கார்ட்டூன் ஒன்றில் 10,080 ஃப்ரேம்கள். அத்தனைக்கும் தனித்தனியாக ஓவியம் வரைவதில்லை. சாதாரண அசைவுகளுக்கு ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்துவார்கள், நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் போதும். பாய்ச்சலும் அடிதடியும் வரும்போது ஃப்ரேமுக்கு ஓர் ஓவியம் என்று முடுக்குவார்கள். எதை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே சட்டென்று விடுவது என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து ஒரு மனிதர் எண்ணி எடுத்த முடிவு. டாம் அண்ட் ஜெர்ரியில் அந்த மனிதர் வில்லியம் ஹன்னா. கூட்டாளி ஜோசப் பார்பெரா கதையையும் காட்சி ஓவியங்களையும் பார்த்துக்கொள்ள, ஹன்னா நேரக்கணக்கைப் பார்த்துக்கொண்டார். எம்ஜிஎம் நிறுவனத்தில் 1940 முதல் 1958 வரை இருவரும் சேர்ந்து தந்த 114 படங்கள், வாங்கிய ஏழு ஆஸ்கர்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு ஓடுகிறது. பேச்சே இல்லாமல் உலகம் முழுக்க இவை சிரிக்கவைப்பதற்கும், 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலம் தெரியாத என் பாட்டிகூட எங்களோடு உட்கார்ந்து பார்த்ததற்கும் காரணம் இந்தத் தாளம்.

டிவியின் சிப்புக்கு இந்தக் கணக்கு புரியாது. டாம் ஒரு நிலையில் நின்று, கண்ணை உருட்டி, அடுத்த கணம் பறக்க வேண்டும். சிப் அந்த நிற்றலையும் பறத்தலையும் ஒன்றோடொன்று இழைத்துவிடுகிறது. பின்னணி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர, அதன் மேல் ஓடும் பூனை இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை மாறும் காட்சிகளில் நிலைமை இன்னும் மோசம். எது நகர்கிறது, எது நிற்கிறது என்று சிப் குழம்பி, டாமின் காலைச் சுற்றி ஈரத்துணியில் மை கசிந்ததுபோல ஒரு வளையம் போட்டுவிடுகிறது.

'தி கேட் கன்செர்ட்டோ' பார்த்தால் முழு அநியாயமும் தெரியும். டாம் கச்சேரி உடையில் பியானோ முன் உட்கார்ந்து லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடியை வாசிக்கிறது. ஜெர்ரி பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. விரல் கட்டையில் படும் அதே கணத்தில் சத்தம் வர வேண்டும். அதற்காகவே இசைக்குறிப்புக்குப் படத்தைப் பொருத்தி வரைந்திருக்கிறார்கள். இந்த டிவியில் முதல் தடவை பார்த்தபோது விரல் வந்து சேர்வதற்கும் சத்தத்துக்கும் நடுவே ஏதோ குழைந்தது. கை கட்டையில் விழாமல் அதன் மேல் மிதந்து போனது. ஆஸ்கர் வாங்கிய படம் அது, ஒரு சிப் கைவைத்ததால் மந்தமாகிப் போனது.

பின்னாளில் ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்காகச் செய்த படங்களும் தப்பவில்லை. 1960இல் தொடங்கிய 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' சிக்கனமாக வரையப்பட்ட தொடர். உடம்பு அசையாமல் நிற்க, தலையோ வாயோ மட்டும் மாறும். அதன் நாயகன் ஃப்ரெட்டின் கழுத்தில் டையும், அவர்களுடைய இன்னொரு படைப்பான யோகி கரடியின் கழுத்தில் காலரும் இருப்பதே தலையைத் தனியாக வரைந்து ஒட்ட வசதியாகத்தான். அந்த வாயசைவுகளுக்கு நடுவில் சிப் தன் ஊகத்தைச் செருகும்போது, ஃப்ரெட்டின் தாடை பிசைந்த மாவுபோல இளகுகிறது.

நடிகர்கள் நடித்த தொடர்களுக்கு வேறு விதமான கேடு. எண்பதுகளில் தூர்தர்ஷனுக்காக சங்கர் நாக் அகும்பேயில் படமாக்கிய 'மால்குடி டேஸ்' போட்டோம். ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் எல். வைத்தியநாதனின் இசையும் வந்ததும் என் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதில் வரும் சிறுவன் சுவாமி ஓடும் காட்சியில், "என்னங்க, நேத்து எடுத்த சீரியல் மாதிரி இருக்கு" என்றாள். அது ரொம்பச் சரியான வார்த்தை. வெளிநாட்டிலும் இதற்கு 'சோப் ஓபரா எஃபெக்ட்' என்றுதான் பெயர். நடிகர் டாம் க்ரூஸ் 2018இல் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோடு சேர்ந்து வீடியோ வெளியிட்டு, வீட்டு டிவியில் இதை அணைத்துவிடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே ஃபிலிம்மேக்கர் மோடு என்ற ஏற்பாடு வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் டிவி தன் கைவரிசைகளை நிறுத்திக்கொண்டு படத்தை எடுத்தபடியே காட்டும். என் டிவியில் அந்த மோடு இல்லை. வாங்கும்போது கேட்காதது என் தவறு.

சரி, அணைத்துவிடலாமே? அணைக்கலாம். செட்டிங்ஸ், பிக்சர், அட்வான்ஸ்டு, அதற்குள் இன்னொரு மெனு என்று நான்கு கதவு திறந்து போனால் அந்த ஸ்விட்ச் கிடைக்கும். அணைத்தேன். டாம் மறுபடி தரையில் காலூன்றியது. ஆனால் இந்த டிவி அதை ஆப்புக்குத் தனியாக, எச்டிஎம்ஐக்குத் தனியாக, பென் டிரைவுக்குத் தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் இடத்திலும் போய் அணைக்க வேண்டும். மூன்றாவது வாரம் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்தது. மறுநாள், "அப்பா, திரும்பவும் வழுக்குது." எல்லாம் பழையபடி ஆன் ஆகியிருந்தது. சர்வீஸுக்குச் சொன்னேன். வந்த தம்பி பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "படம் சூப்பரா ஸ்மூத்தா இருக்கு சார், என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. வழவழப்பே தரம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த நிறுவனத்தின் மேல்தான் என் கோபம். வீட்டுக்காரர் அணைத்ததை அவரைக் கேட்காமல் திரும்ப ஆன் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. பழைய கார்ட்டூன்களும் தொடர்களும் ஏறக்குறைய 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி 16:9. நியாயமாகப் பார்த்தால் இருபக்கமும் கறுப்புப் பட்டை விட்டுத்தான் காட்ட வேண்டும். 43 அங்குல டிவியில் 35 அங்குலப் படம் கிடைக்கும், தாராளமாகப் போதும். இந்த டிவியோ ஆன் செய்ததும் திரையை நிரப்பப் பார்க்கிறது. இழுத்து நிரப்பினால் ஜெர்ரி மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் சேர்த்துக் கால்வாசிப் படம் போய்விடுகிறது. டாம் அண்ட் ஜெர்ரியில் கீழே வெட்டுவதற்கு என்ன அர்த்தம்? ஜெர்ரி வாழ்வதே சட்டத்தின் அடிவிளிம்பில்தானே! சுவரோரப் பொந்து, நாற்காலிக் கால், தரையில் கிடக்கும் பாலாடைக்கட்டி எல்லாம் அங்கேதான். ஒரு காட்சியில் டாம் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துப் பதுங்கிக்கொண்டிருந்தது. எலி திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. பிக்சர் சைஸை 4:3 என்று வைத்தவுடன் திரும்பி வந்தது. கறுப்புப் பட்டையைப் பார்த்து, கொடுத்த காசு வீணாகிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓவியர் வரைந்தது முழுசாக நம் கைக்கு வருகிறது என்பதற்கு அந்தப் பட்டைதான் அத்தாட்சி.

நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். மெல்லிய மைக்கோட்டை அழுக்கு என்று நினைத்து அது துடைத்துவிடுகிறது, மீசை முடிகள் காணாமல் போகின்றன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த டிவியைத் திருப்பிக் கொடுக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்தபின் பரணிலிருந்து பழைய டிவிடி பிளேயரை இறக்கி மாட்டினோம். அதன் ரிமோட்டில், தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும் பட்டன் இருக்கிறது. மகள் டாம் நடக்கும் காட்சியில் நிறுத்தித் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள், கால் நகர்ந்தது. அடுத்த தட்டுக்கு அசையவில்லை, அதற்கடுத்ததற்கு அசைந்தது. "ரெண்டு ரெண்டா வருதுப்பா!" என்றாள். டாம் திடுக்கிட்டுத் திரும்பும் இடத்தில் ஒரே ஒரு ஃப்ரேமில் அதன் முகம் ரப்பர்போல இரண்டு மடங்கு நீண்டிருந்தது, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஓடும்போது அந்த ஓவியம் யார் கண்ணிலும் படாது, வேகமாக மட்டும் தெரியும். தூரிகையால் இழுத்த கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதுவரை இந்தத் திரை காட்டியது. எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஓர் ஓவியரின் மணிக்கட்டுத் திருப்பத்தை எங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். பழைய படக்குழாய் டிவியில் இது ஒருநாளும் தெரிந்ததில்லை.

அதனால் என் தீர்ப்பு இது: திரைக்கு நல்ல மதிப்பெண், அதை ஓட்டும் மென்பொருளுக்கு மதிப்பெண் கிடையாது. பழைய படங்களை நேசிப்பவர்கள் கடைக்குப் போகும்போது பென் டிரைவில் ஒரு பழைய கார்ட்டூனைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் மீனையும் பூவையும் ஒதுக்கிவிட்டு உங்கள் படத்தைப் போடச் சொல்லுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு இருக்கிறதா, ஸ்மூத்திங்கை முழுக்க அணைக்க முடிகிறதா, 4:3 படம் 4:3 ஆகவே நிற்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். கூடவே ஒரு குழந்தையை அழைத்துப் போவது இன்னும் நல்லது. ஸ்மூத்திங் என்ற வார்த்தை தெரியாமலேயே என் மகள் மூன்றாம் நாள் சொன்னாளே, அந்தக் கண் அந்தக் கடையில் வேறு யாருக்கும் இருக்காது.