தன்வரலாறும் சிவப்பு மையும்

பள்ளிக்கூடங்களில் மாணவர் எழுதும் கட்டுரை வகைகளுள் ‘தன்வரலாறு கூறுதல்’ என்பதும் ஒன்று. பெயர்தான் தன்வரலாறு, அங்கே பேசுகிறவன் மாணவன் அல்லன். ஆறு பேசும், ஆலமரம் பேசும், ரூபாய் நாணயம் பேசும். பிறந்த இடம், பட்ட பாடு, மக்களுக்கு ஆற்றிய தொண்டு என ஒரே வரிசையில் பேசி முடிக்கும். கற்பனைப் பயிற்சி என்ற அளவில் இதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் இதிலேயே பழகிய மாணவனிடம், ‘உன் வாழ்வில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுது’ என்றால் அவன் திகைக்கிறான். திகைப்பைக் கடந்து அவன் உண்மையை எழுதிவிட்டாலோ, திருத்துகிறவர் திகைக்கிறார்.

குமரி மாவட்டத்தில் இத்திகைப்புக்குக் காரணங்கள் மிகுதி. 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்த மண் இது. நாஞ்சில் நாட்டின் வயலோரத் தமிழ் ஒன்று. விளவங்கோட்டின் மலையாளம் தோய்ந்த தமிழ் மற்றொன்று. கோட்டாறு, தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களிலோ அரபுச் சொற்களும் இவற்றோடு இயல்பாகக் கலந்துள்ளன.

இத்தகைய இல்லத்துப் பிள்ளை ஒன்று இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘பெரிய வாப்பா மௌத்தான அன்று எங்களுக்கு நோன்பு. பள்ளியிலிருந்து சந்தூக்கு வந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. உம்மா காய்ச்சிய நோன்புக் கஞ்சி அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.’

சிவப்பு மை என்ன செய்யும்? ‘மௌத்தான’ என்பதை அடித்துக் ‘காலமான’ என்று எழுதும். சந்தூக்கைச் சுற்றி வட்டமிடும். பள்ளிக்கூடத்திலிருந்து எது வந்தது என்று கேள்விக்குறி இடும். ‘முடிவுரை இல்லை’ என்று கூறி மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆறிக்கொண்டிருந்த கஞ்சியையோ அது காணாது. அந்த வீட்டின் துயரம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

பிழைகளை விட்டுவிடச் சொல்கிறோமா? இல்லை. ரகர றகர மயக்கமும் ஒற்றுப் பிழையும் திருத்தப்பட வேண்டியவையே. ஆனால் பிழை வேறு, வீட்டுச் சொல் வேறு. வெளியூர் ஆசிரியருக்கு அச்சொல் விளங்காதே என்பது நியாயமான மறுப்பு. அதற்கு விடை, சொல்லை அடிப்பதன்று. ‘படிப்பவருக்கு விளங்கும்படி சொல்’ என்று ஓரத்தில் குறிப்பதே. மையித்தைச் சுமந்து செல்லும் பெட்டி என்று அம்மாணவன் அடுத்த முறை ஒரு தொடரில் விளக்கக் கற்றுக்கொள்வான். அதுவும் கட்டுரைக் கல்விதானே!

வேறொரு தவறும் உண்டு. துயரக் கதை என்பதற்காகவே இரக்கப்பட்டு மதிப்பெண்ணை வாரி வழங்குதல். நாம் அளப்பது எழுத்தையே அன்றி வாழ்க்கையை அன்று. தந்தையை இழந்தவனுக்கு அதிகமும், திருவிழாவுக்குப் போய் வந்தவனுக்குக் குறைவும் தருவது இருவருக்கும் இழைக்கும் அநீதி. எழுதியவன் தன் கண்ணால் கண்டதைச் சொன்னானா? நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்றாய்த் தொடர்கின்றனவா? அந்நாள் அவனுள் எதை மாற்றிற்று என்பது தெரிகிறதா? இம்மூன்றையும் கேட்ட பின்னரே எழுத்துப் பிழைக்கு வரவேண்டும்.

இம்மண்ணின் இலக்கியம் இதற்குச் சான்று பகரும். ஆசிரியப் பணி புரிந்த தேரூர்க் கவிமணி, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ பாடியபோது, அவ்வழக்கத்தால் அல்லலுற்ற ஒரு பெண்ணே தன் கதையைச் சொல்வதாக, அவ்வூர்ப் பேச்சின் சாயலிலேயே பாடினார். மலையாள வழியில் பள்ளிக் கல்வி பெற்ற தோப்பில் முஹம்மது மீரான், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களின் மொழியிலேயே எழுதினார். 1988இல் நூலாக வந்த அந்நாவலைத் தமிழுலகம் ஏற்றுக்கொண்டது. 1997இல் அவருடைய ‘சாய்வு நாற்காலி’ சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அம்மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு பக்கம் பள்ளித் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றிருக்கும்?

வாப்பாவும் உம்மாவும் தன் கட்டுரைக்குள் வரத் தகாதவர்கள் என்று ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டால், அவன் மீண்டும் ரூபாய் நாணயத்தின் கதைக்கே திரும்புவான். பிழையில்லாமல் எழுதுவான், நிறைய மதிப்பெண்ணும் பெறுவான். ஆனால் சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது. பேனாவைத் திறக்குமுன் ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திப்பார்களாக.